அலக்நந்தா : தொலைவிண்ணில் கண்ட ஒரு சுருள் மண்டலம்

முன்னுரை

புறநானூற்றின் முப்பதாம் பாடல் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. ஞாயிற்றின் இயக்கத்தையும் வானத்தின் இயல்பையும் நேரில் சென்று அளந்து வந்தவர்போல எடுத்துரைக்கும் அறிஞர்கள் இருந்தனர் என்று புலவர் அதில் குறிப்பிடுகின்றார். சங்கப் பாடல்களைக் கற்பிக்கும்போது இவ்விடத்தில் நாம் சற்று நின்று செல்வதுண்டு. சென்று அளக்க இயலாத ஒன்றை இருந்த இடத்திலிருந்தே அளப்பது எங்ஙனம் என்னும் வினா மாணவர் உள்ளத்தில் எழுவது இயல்பு. அவ்வினாவிற்கு நம் காலம் தந்துள்ள விடைகளுள் ஒன்றை இக்கட்டுரையில் காண்போம்.

2025ஆம் ஆண்டின் இறுதியில், பூனாவிலுள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையத்தைச் சார்ந்த ஆய்வு மாணவி ராஷி ஜெயினும் அவர்தம் நெறியாளர் யோகேஷ் வடதேக்கரும் மிகத் தொலைவிலுள்ள சுருள் வடிவ விண்மீன் மண்டலம் ஒன்றைக் கண்டறிந்ததாக அறிவித்தனர். 'அஸ்ட்ரானமி அண்ட் அஸ்ட்ரோஃபிசிக்ஸ்' என்னும் ஐரோப்பிய ஆய்விதழில் அக்கட்டுரை வெளிவந்தது. அம்மண்டலத்திற்கு அவர்கள் இட்ட பெயர் அலக்நந்தா. இமயத்தில் பாயும் ஓர் ஆற்றின் பெயர் அது. நாம் வாழும் பால்வெளி மண்டலத்தை இந்தியில் மந்தாகினி என்பர். அதுவும் இமயத்தின் ஆறே. மந்தாகினிக்கு உடன்பிறந்தாள்போல் அமைந்த மண்டலம் ஆதலின் அலக்நந்தா என்னும் பெயர் பொருந்துவதாயிற்று.

பூனாவின் செய்தி நமக்கு அயலானதன்று. உதகமண்டலத்தையடுத்த முத்தோரையில், மலைச் சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டு விளங்கும் வானொலித் தொலைநோக்கி இதே மையத்தைச் சார்ந்ததாகும். கோவிந்த் ஸ்வரூப் அவர்களின் தலைமையில் 1970இல் அது இயங்கத் தொடங்கியது.

சிறுமுகிலும் அரபு அறிஞரும்

விண்மீன் மண்டலங்களைப் பற்றிய அறிவு ஒரு நாளில் விளைந்ததன்று. நம் பால்வெளிக்கு அப்பாற்பட்ட ஒரு பெருமண்டலத்தைத் தெளிவாகக் குறித்து வைத்த பழைய நூல், ஹிஜ்ரி 353இல், அதாவது கி.பி. 964 அளவில், அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி எழுதிய நிலை விண்மீன்களைப் பற்றிய அரபு நூலாகும். பாரசீக நாட்டில் ரய் நகரில் பிறந்த இவ்வறிஞர், பெரிய மீன் என்று அரபியர் வழங்கிய விண்மீன் உருவத்தின் வாயருகே ஒரு சிறுமுகில் இருப்பதாகப் பதிவு செய்தார். இன்று ஆந்த்ரோமீடா என வழங்கும் மண்டலமே அச்சிறுமுகில்.

அஸ்ஸூஃபியின் சிறப்பு எதில் உள்ளது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவருக்கு எண்ணூறு ஆண்டுகட்கு முன் வாழ்ந்த தாலமியின் விண்மீன் பட்டியல் அவர் காலத்தில் பெருமதிப்புப் பெற்றிருந்தது. அதனை அவர் போற்றினார். ஆயினும் அப்படியே படியெடுத்துத் தந்தாரல்லர். விண்மீன்களைத் தம் கண்ணால் மீண்டும் நோக்கி, ஒளியின் அளவைத் தாமே மதிப்பிட்டு, தாலமி கூறியதற்கும் தாம் கண்டதற்கும் வேறுபாடு உள்ள இடங்களை எழுதி வைத்தார். தொலைநோக்கி இல்லாத காலத்தில், ஒரு மங்கிய புகைப்படலத்தை இது விண்மீன் அன்று என்று பிரித்தறிந்து எழுதியது அந்தப் பழக்கத்தின் பயனே.

முகில் மண்டலமான வரலாறு

அஸ்ஸூஃபி கண்ட முகில் இன்னதென்று தெளிய ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆயின. 1845இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு ஆறடி அகலமுள்ள ஆடி பொருத்திய தொலைநோக்கியால் வேறொரு முகிலை நோக்கி, அது நீர்ச்சுழி போலச் சுருண்டிருக்கக் கண்டார். சுருள் வடிவம் முதன்முதலில் புலப்பட்டது அப்போதுதான். எனினும் அத்தகைய சுருள்கள் நம் பால்வெளிக்குள் அடங்கியவையா, அன்றி அதற்கு அப்பாற்பட்ட தனி உலகங்களா என்னும் வழக்கு நீண்டது. வழக்கைத் தீர்க்கத் தொலைவை அளக்கும் கோல் தேவைப்பட்டது.

அக்கோலைத் தந்தவர் ஹென்ரியட்டா லீவிட் என்னும் அமெரிக்கப் பெண்மணி. ஹார்வார்டு வான்நோக்ககத்தில் ஒளிப்படத் தகடுகளை ஆய்ந்து வந்த அவர், சீரான கால இடைவெளியில் மங்கியும் ஒளிர்ந்தும் வரும் ஒருவகை விண்மீன்களில், அவ்விடைவெளி மிகுந்தோறும் விண்மீனின் இயல்பான ஒளியும் மிகுகின்றது என்று 1912இல் நிறுவினார். இயல்பான ஒளி தெரிந்துவிட்டால், நமக்குத் தோன்றும் ஒளியோடு அதனை ஒப்பிட்டுத் தொலைவைக் கணக்கிடலாம். 1923இல் எட்வின் ஹப்பிள் ஆந்த்ரோமீடாவில் அத்தகைய விண்மீன் ஒன்றைக் கண்டார். கணக்கிட்டபோது அது நம் பால்வெளிக்கு வெகு தொலைவில் இருப்பது தெளிவாயிற்று. ஆந்த்ரோமீடாவின் தொலைவு 25 இலட்சம் ஒளியாண்டு என்பது இன்றைய கணக்கு. ஒளி ஓராண்டில் செல்லும் தொலைவே ஒளியாண்டு. திங்களின் ஒளி நம்மை ஒன்றேகால் நொடியளவிலும், ஞாயிற்றின் ஒளி எட்டு நிமிடத்திற்குச் சற்று மேலும் வந்தடைகின்றன என்பதை நினைந்தால் இத்தொலைவின் பெருமை விளங்கும்.

அலக்நந்தா அகப்பட்ட வகை

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2021 டிசம்பர் 25ஆம் நாள் விண்ணில் ஏவப்பெற்றது. புவியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், 6.5 மீட்டர் அகலமுள்ள ஆடியோடு அது இயங்குகின்றது. நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைக் காண்பதே அதன் தனித்திறன். அது எடுத்த படங்கள் பல, உலகின் எந்த நாட்டு ஆய்வாளரும் எடுத்து ஆராயும் வண்ணம் பொதுவில் வைக்கப்பெற்றுள்ளன. பூனா ஆய்வாளர் இருவரும் பயன்கொண்டவை அத்தகைய பொதுப் படங்களே.

ஏபெல் 2744 என்னும் விண்மீன் மண்டலக் கூட்டம் இருக்கும் திசையில் எடுத்த படங்கள் அவை. அவற்றில் பதிவான ஏறத்தாழ எழுபதாயிரம் பொருள்களினிடையே ஆய்ந்து வந்த ராஷி ஜெயின், அவற்றுள் ஒன்றில் இரண்டு கைகள் சமச்சீராகச் சுருண்டு நிற்பதைக் கண்டார். நடுவே ஒளி திரண்ட பகுதி. அதனைச் சுற்றி மெல்லிய வட்டத்தட்டு. தட்டில் இருபுறமும் வளைந்த கைகள். கைகளின் வழியே மணி கோத்தாற்போல் புதிய விண்மீன்கள் பிறக்கும் இடங்கள். முழுமையாக வளர்ந்த சுருள் மண்டலத்தின் இலக்கணம் அனைத்தும் அதில் அமைந்திருந்தன.

அதன் குறுக்களவு ஏறத்தாழ 30,000 ஒளியாண்டு. விண்மீன்களின் நிறை ஞாயிற்றைப் போல் 1,000 கோடி மடங்கு அளவினது. ஆண்டொன்றுக்கு 60 ஞாயிறுகளின் நிறைக்கு ஈடான விண்மீன்கள் அதில் பிறந்து வந்தன. இன்றைய பால்வெளியின் விளைச்சலைப் போல் இஃது இருபது மடங்கு என்பர்.

தொலைவை உணர்த்திய நிறங்கள்

இனி, இதன் தொலைவை எவ்வாறு அறிந்தனர் என்பதைக் காண்போம். அண்டவெளி விரிந்துகொண்டே இருப்பதால், அதனூடே வரும் ஒளியின் அலையும் நீள்கின்றது. நீல நிறத்தில் புறப்பட்ட ஒளி சிவப்பை நோக்கி நகர்ந்து வந்து சேர்கின்றது. இதற்குச் செம்பெயர்ச்சி என்று பெயர். நகர்வு மிகுந்தோறும் தொலைவும் மிகுதி என்று கொள்ளலாம். அலக்நந்தாவின் ஒளியலை ஏறத்தாழ ஐந்து மடங்கு நீண்டு வந்துள்ளது. அதனாற்றான் அகச்சிவப்பைக் காணும் தொலைநோக்கி இன்றி அதன் வடிவைத் தெளிவாகக் காண இயலவில்லை.

அந்நீட்சியை அளக்க ஆய்வாளர் கொண்ட வழி நிறவடிகட்டிகளாகும். ஒவ்வொரு வடிகட்டியும் குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் உள்ளே விட்டு ஏனையவற்றைத் தடுக்கும். ஒரே மண்டலத்தை 21 வடிகட்டிகள் வரை வைத்துத் தனித்தனியே படமெடுத்து, எதில் எவ்வளவு ஒளி கிடைத்தது என்று அட்டவணையிட்டு, தொலைவும் வயதும் நிறையும் இன்னின்னவாயின் இந்த அளவுகள் பொருந்தும் என்று கணித்தனர்.

மரக்காணத்து உப்பளங்களை அறிந்த மாணவர்க்கு இம்முறையை விளக்குதல் எளிது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரமாகக் கண்ணுக்கெட்டிய வரை விரிந்து கிடக்கும் அப்பாத்திகளில் உவர்நீர் ஒரே நாளில் உப்பாகிவிடுவதில்லை. கடல்நீரின் உவர்ப்பு போமே அளவுகோலில் மூன்று டிகிரியை ஒட்டியது. அதனைத் தேக்கி, வெயிலில் காயவிட்டு, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் திருப்புவர். சுண்ணமும் ஜிப்சமும் முன்னதாகவே அடியில் தங்கிவிடும். 25 டிகிரியை எட்டியபின்னரே நல்ல உப்பு பூக்கத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்கும்போது எஞ்சிய கசப்பு நீரை வடித்துவிடுவர். இன்றேல் உப்பின் தரம் கெடும். எந்நிலையில் எது பிரியும் என்று அறிந்து காத்திருப்பதே அத்தொழிலின் நுட்பம். வானியலார் ஒளியைப் படிப்படியாகப் பிரித்து, அதனுள் கரைந்து கிடந்த செய்தியை எடுத்ததும் ஏறக்குறைய இதைப் போன்றதே.

இயற்கை வைத்த வில்லை

இக்கண்டுபிடிப்பிற்கு வானமே ஓர் உதவி செய்தது. நமக்கும் அலக்நந்தாவிற்கும் இடையே, சற்றொப்ப 400 கோடி ஒளியாண்டுத் தொலைவில், ஏபெல் 2744 என்னும் அப்பெருங்கூட்டம் உள்ளது. நிறை மிகுந்த பொருள் தன்னருகே செல்லும் ஒளியை வளைக்கும் என்பது 1915இல் ஐன்ஸ்டைன் நிறைவு செய்த பொதுச் சார்பியல் கோட்பாட்டின் முடிபு. 1919ஆம் ஆண்டின் முழு ஞாயிற்று மறைப்பின்போது அது சரிபார்க்கப்பட்டது. ஏபெல் கூட்டமும் அவ்வாறே பின்னிருந்து வரும் ஒளியை வளைத்து, ஒரு பெரும் வில்லைபோல் நின்று, அலக்நந்தாவை ஏறத்தாழ இருமடங்கு ஒளியுடையதாகக் காட்டியது.

வியப்பும் வினாவும்

இவ்வளவிற்கும் அறிவுலகம் வியந்தது தொலைவைக் கண்டு மட்டுமன்று. அண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு. அலக்நந்தாவின் ஒளி புறப்பட்டபோது அண்டம் பிறந்து 150 கோடி ஆண்டுகளே ஆகியிருந்தன. அத்துணை இளமைக் காலத்தில் மண்டலங்கள் வடிவொழுங்கின்றி, கொந்தளிக்கும் வளிமத் திரள்களாகவே இருந்திருத்தல் வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து. வளிமம் குளிர்ந்து, தட்டாகப் படிந்து, நிலைபெற்ற கைகளாகச் சுருள்வதற்கு நெடுங்காலம் வேண்டும் என்று அவர்கள் எண்ணியிருந்தனர். அலக்நந்தாவோ பாதியளவு விண்மீன்களை ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்குள்ளேயே பெற்று, ஒழுங்காகச் சுருண்டு நிற்கின்றது.

இதனையொத்த தொன்மையுடைய சுருள் மண்டலங்கள் சில வேறு ஆய்வாளராலும் அண்மைக் காலத்தில் சுட்டப்பெற்றுள்ளன. ஆதலின், மண்டலங்கள் உருவாகும் வரலாற்றைத் திருத்தி எழுத வேண்டிய தேவை எழுந்துள்ளது. கைகள் தோன்றியமைக்கு இருவகைக் காரணங்கள் கூறப்படுகின்றன. குளிர்ந்த வளிமம் சீராக வந்து சேர, தட்டினுள்ளேயே அடர்த்தி அலைகள் எழுந்து கைகளாயின என்பது ஒன்று. அருகில் வந்த சிறுமண்டலத்தின் ஈர்ப்பால் கைகள் இழுபட்டன என்பது மற்றொன்று. பின்னையது உண்மையாயின் அக்கைகள் விரைவில் மங்கிப் போகும். எது சரி என்பதை அறிய, தட்டு சுழலும் வேகத்தை அளத்தல் வேண்டும். வெப் தொலைநோக்கியின் நிறமாலைக் கருவியும், சிலி நாட்டின் ஆல்மா வானொலித் தொலைநோக்கித் தொகுதியும் அதற்குத் துணையாகக் கூடும். கண்டறிந்தவர்களே இவ்வினாவைத் திறந்து வைத்துள்ளனர்.

மரக்காணக் கரையிலிருந்து

எயிற்பட்டினம் என்று சிறுபாணாற்றுப்படை கூறும் ஊரும், கிரேக்க மாலுமியின் பெரிப்ளஸ் நூல் சோபட்மா எனக் குறிக்கும் துறைமுகமும் மரக்காணமே என அறிஞர் சிலர் கருதுவர். மரக்கலம் செலுத்தியோர்க்கு விண்மீன்களே வழிகாட்டி. இன்றும் உப்பள வெளியில் மேற்கு அடிவானம் மறைப்பின்றித் தெரிவதால், ரமளான் பிறை காண ஏற்ற இடமாகும் அது. நம் சமுதாயத்தார் வானத்தை நோக்கும் வழக்கத்தை முற்றும் விட்டவரல்லர். தொழுகை நேரம், கிப்லாத் திசை, மாதப் பிறப்பு ஆகிய அனைத்தும் வானக் கணக்கோடு பிணைந்தவை.

நவம்பர்த் திங்களின் இறுதியில், மழை விட்டு வானம் தெளிந்த ஓர் இரவில், எட்டு மணியளவில் அக்கரையில் நின்றால் தலைக்கு மேலே நான்கு விண்மீன்கள் பெருஞ்சதுரமாகத் தோன்றும். மேற்கிலுள்ள இரண்டும் பூரட்டாதி. கிழக்கிலுள்ள இரண்டும் உத்திரட்டாதி. உத்திரட்டாதியின் வடமீனிலிருந்து வடகிழக்கே செல்லும் வரிசையை ஒட்டி நோக்கின், இருள் நன்கு செறிந்த இடத்தில் அஸ்ஸூஃபியின் சிறுமுகில் மங்கலாகக் கண்ணுக்குப் புலப்படும். பின்னர்த் தெற்கே திரும்பின், தனித்து ஒளிரும் ஒரு விண்மீனைக் காணலாம். அதன் பெயர் ஃபோமல்ஹாட். மீனின் வாய் எனப் பொருள்படும் ஃபமுல் ஹூத் என்னும் அரபுத் தொடரே மேலைநாட்டார் நாவில் அவ்வாறு திரிந்தது. அதற்குக் கிழக்கே, ஏறத்தாழ அதே உயரத்தில், வெறுமையாகத் தோன்றும் பகுதி சிற்பி என்னும் விண்மீன் குழுவைச் சார்ந்தது. அலக்நந்தா இருப்பது அத்திசையில்தான். எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. ஆயினும் அங்கே அது உள்ளதென இன்று அறிவோம். சாலை விளக்குகளும் விடுதி விளக்குகளும் பெருகிவரும் இக்கரையில் இருள் குறைந்து வருகின்றது. அச்சிறுமுகிலை நம் பேரர்கள் இங்கிருந்து காண்பரா என்பது ஐயமே.

நிறைவுரை

திருக்குர்ஆன் வானங்களின் படைப்பைச் சிந்திக்குமாறு மீண்டும் மீண்டும் அழைக்கின்றது. மீலாது மேடைகளிலும் கல்வி மாநாடுகளிலும் அஸ்ஸூஃபி, அல்பிரூனி, இப்னு ஹைஸம் ஆகியோரின் பெயர்களை நாம் பெருமையோடு முழங்குகின்றோம். அப்பெருமை தகுந்ததே. சமுதாயப் பெரியோர்க்கு நாம் பணிவோடு ஒன்றைக் கூற விழைகின்றோம். பெயரை முழங்குவதால் அஸ்ஸூஃபி நமக்கு உரியவர் ஆகிவிடமாட்டார். முன்னோர் எழுதியதை மதித்து, அதே நேரத்தில் தம் கண்ணாலும் சரிபார்த்த அவருடைய ஒழுக்கத்தை எவர் மேற்கொள்கின்றாரோ அவர்க்கே அவர் உரியவர். அவ்வகையில் எழுபதாயிரம் பொருள்களினிடையே சலியாது தேடிய பூனாவின் மாணவி அவருடைய உண்மையான வழித்தோன்றல்களுள் ஒருவர்.

அக்கண்டுபிடிப்பிற்கு வேண்டியிருந்த படங்கள் எவரும் பெறத்தக்கவை என்பதை நம் மாணவ மாணவியர் மறவாதிருத்தல் வேண்டும். சிற்றூரில் பிறந்தோம், தமிழ்வழியில் பயின்றோம் என்பன தயங்குதற்குரிய காரணங்கள் ஆகா. இயற்பியல் பயில விரும்பும் மகளைப் பட்டப்படிப்போடு நிறுத்திவிடாமல் ஆய்வுக்கும் அனுப்பிவைக்கும் மனம் நம் மஹல்லாக்களில் பெருகுமாயின், அடுத்த சிறுமுகிலைக் குறித்து வைப்பவர் இக்கடற்கரையிலிருந்தும் தோன்றக் கூடும். அவர் கண்டதைத் தமிழில் எழுதித் தருதல் தமிழ்த்துறையினராகிய நம் கடமை. அதற்குரிய சொற்களை இன்றே பழக்கத்திற்குக் கொண்டுவருவோம்.